நூராவின் அறைச் சாவி

திருமானூர் மலர்கொடி குவைத்தில் வீட்டு வேலை பார்த்தது ஓர் எகிப்தியக் குடும்பத்தில். அவர்கள் சொந்த ஊரான கெய்ரோவுக்குத் திரும்பியபோது அவளையும் கூட்டிப் போனார்கள். அவள் பாஸ்போர்ட் மூத்த மகன் தாரிக்கின் அலமாரியில்.

2011-இல் அரசை எதிர்த்து அந்த நகரமே தெருவில் இறங்கிச் சதுக்கத்தில் கூடியது. சட்டம் படித்துக்கொண்டிருந்த மகள் நூராவும் போனாள். ஆட்சி கவிழ்ந்த அன்று தாரிக்கே தங்கைக்கு இனிப்பு ஊட்டினான். அடுத்த மாதம், புது அரசியல் சட்டத்தில் பெண்களுக்கும் பங்கு கேட்டு ஊர்வலம் போனவர்களை அதே சதுக்கத்தில் ஆண்கள் கூடி விரட்டினார்கள். நூரா கிழிந்த சட்டையோடு வந்து நின்றாள்.

“போதும். இனி வீட்டில் இரு” என்றான் தாரிக். அவசரமாக மாப்பிள்ளை பேசினான். அவளை அறையில் பூட்டி, சாப்பாடு கொடுக்க மட்டும் என்று சாவியை மலர்கொடியிடம் கொடுத்தான். “மற்ற நேரம் கதவு திறந்தால் நீ ஜெயிலுக்குப் போவாய்.”

வெள்ளிக்கிழமை ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். “திறக்கிறாயா?” என்று உள்ளிருந்து மெல்லிய குரல். மலர்கொடிக்கு ஊரில் புருசன், ஆறு வயதுப் பெண். இங்கே பிடித்துப் போட்டால் கேட்க நாதி ஏது? சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள். ஒருவழியாகத் திறந்ததும் நூரா அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு படியிறங்கி ஓடினாள்.

திரும்பி வந்த தாரிக் மலர்கொடியின் முடியைப் பற்றி இழுத்தான். மகன்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத அவன் அம்மா எழுந்து வந்தாள்.

“சாவியைப் பிடுங்கித் திறந்தது நான். அவளை விடு. என்னைப் பூட்டு.”

அம்மாவைத் தொடத் துணியாமல் தாரிக் வெளியே போனான். அந்த நேரத்தில் அந்த அம்மாதான் அவன் அலமாரியில் பாஸ்போர்ட்டைத் தேடியெடுத்து அவளை விமானம் ஏற்றினாள். அதற்குப் பின் அம்மா என்ன ஆனாள், நூரா பிழைத்தாளா, எதுவும் தெரியாது. தெரியாத எண்ணில் போன் வந்தால் இன்றும் மலர்கொடி ஓடிப்போய் எடுப்பாள். யாரிடமும் அவள் சொன்னதில்லை.

போன மாதம் மகள் சத்யப்பிரியா, உடன் படிக்கும் பெண்ணைச் சீண்டியவனைக் கைது செய்யக் கேட்டு அரியலூரில் ஆர்ப்பாட்டம், தானும் போகிறேன் என்றாள். அப்பா நடராசன் குதித்தார்.

“கும்பல்ல பொம்பளப் புள்ளைக்கு என்னா வேல? வூட்டுல வச்சுப் பூட்டிப்புடுவேன்!”

பூட்டு என்ற சொல்லைக் கேட்டதும் மலர்கொடி இருவரையும் உட்காரவைத்தாள். கெய்ரோவில் நடந்ததை அன்றுதான் சொன்னாள். நடராசன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அதத்தான் நானும் சொல்றேன். அங்க நடந்தது இங்க நடக்காதா?”

“நடக்குங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. நானும் கூடப் போறேன்.”

தாயும் மகளும் பஸ் ஏறினார்கள். அரியலூரில் போலீஸ் வேனைக் கண்டதும் மகளின் மணிக்கட்டைப் பிடித்தவள், திருமானூரில் இறங்கும்வரை விடவில்லை.