பளபளத்த செம்புப் போத்தல்

என் கணவருக்கு இனிப்பு நீர் வியாதி, ரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்று கிளினிக்கில் சொன்ன பிறகு, நல்ல தண்ணீராவது குடிக்கட்டுமே என்று ஒரு செம்புப் போத்தல் வாங்கினேன். ரெம்பியாவில் இருக்கிறோம். அவர் கிளேபாங் பக்கம் லோரி ஓட்டுகிறார். ஞாயிறுதோறும் புளியும் உப்பும் கரைத்து ஊற்றிக் குலுக்கி, அலசி, வெயிலில் கவிழ்த்து வைப்பேன். அடுத்த ஞாயிறுக்குள் உட்புறம் மறுபடி கறுத்துவிடும். செம்பு அப்படித்தான்.

ஒரு வாரம் கறுக்கவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். இப்போதுதான் தேய்த்த மாதிரி உள்ளே மின்னியது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கிளாஸ்கூடக் கழுவாத மனுஷர் இவர்.

"போத்தல யாருங்க கழுவுனா?"

"யாரு கழுவுவா? தண்ணிதான குடிக்கிறேன்," என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மோந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனை. எவளோ ஒருத்தி எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கொடுக்கிறாள் என்றே முடிவு செய்துவிட்டேன். அந்த வாரமே அவருக்குக் குமட்டல் வேறு. "ஒன் மீன் கறிதான்," என்று என் தலையில் போட்டார். அவள் சமைத்தும் போடுகிறாளோ?

சனிக்கிழமை பஸ் ஏறி கிளேபாங் போனேன். குளிர்பானம் விற்கிற ரோட்டோரத் தண்ணிக் கடை ஒன்றில் அவருடைய லோரி நின்றது. கடைக்கார மலாய்ப் பெண் அவர் கையிலிருந்து போத்தலை வாங்கினாள். கிட்டே போனேன்.

அவள் போத்தலைத் தேய்க்கவில்லை. எலுமிச்சை ஜூஸை நிரப்பிக்கொண்டிருந்தாள். "அபாங்குக்கு தினமும் இதுதான், சீனி தூக்கலா," என்று அவரை அண்ணன் முறை வைத்து, சிரித்தபடி மலாயில் என்னிடமே சொன்னாள்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "வெறுந்தண்ணி தொண்டையில எறங்க மாட்டேங்குதுலா..."

புளி செய்கிற வேலையைத்தான் எலுமிச்சை செய்திருக்கிறது. கரைந்த செம்பு அவர் வயிற்றுக்குள் போயிருக்கிறது. கிளினிக்கிலும் அதைத்தான் சொன்னார்கள். புளிப்பு எதையும் செம்பில் ஊற்றக் கூடாதாம். நிறுத்தியதும் குமட்டல் நின்றது.

இப்போது செம்புப் போத்தல் எனக்கு. அவருக்கு எவர்சில்வர். தினமும் சாயங்காலம் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறேன். ஒரு வாசனையும் இல்லை.

"என்னங்க, இப்ப கடையிலயே கிளாஸ்ல குடிச்சிட்டு வர்றீங்களா?" என்று நேற்றுக் கேட்டேன்.

சிரித்தார். டிவி சத்தத்தைக் கூட்டினார்.