வஹீதா பிரித்த பார்சல்

எங்கள் பாலக்கரைத் தெருவில் வஹீதாவுக்கு இப்போது ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அமானிதத்தைப் பிரித்தவள். நம்பி ஒப்படைத்த பொருளை உடைத்துப் பார்த்தவள் என்று அர்த்தம். அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் வீட்டு மாடியில் வருடக்கணக்காக வாடகைக்கு இருக்கிறவன் நான். நடந்ததெல்லாம் என் கண்முன் நடந்தது.

வஹீதா மண்ணச்சநல்லூர்க்காரி. கல்யாணமாகி இங்கே வந்தாள். கணவர் ஹபீபுல்லா ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் இருப்பார். மற்ற நாளெல்லாம் இவள்தான் வீட்டுக்கு ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும். காலையில் இடியாப்பம் அவித்து விற்பாள். ஒரே மகள் சம்ரீன், ப்ளஸ் ஒன் படிக்கிறாள்.

வளைகுடாவிலிருந்து லீவில் யார் வந்தாலும் தன் பெட்டியோடு அடுத்தவர்களின் பார்சலையும் சுமந்து வருவது இங்கே வழக்கம். முடியாது என்று சொன்னால் உறவு போய்விடும். கொண்டுவந்ததை வீடு வீடாகப் போய்க் கொடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? எல்லோரும் வஹீதா வீட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். முன்னறையில் ஒரு பச்சை பீரோ இருக்கிறது. அதில் பெயர் ஒட்டிய பார்சல்கள் அடுக்கியிருக்கும். உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். இதற்கு அவள் ஒரு டீ கூட யாரிடமும் வாங்கிக் குடித்ததில்லை. எதையும் பிரித்துப் பார்த்ததும் இல்லை. "அமானிதம் சார். நெருப்பு மாதிரி. அது உள்ள என்ன இருக்குன்னு நமக்கு எதுக்கு?" என்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. இருக்கட்டுமே. அவளுக்கென்று வேறு என்ன பெருமை இருந்தது?

அந்தப் பெருமையைத்தான் அனீஸ் கண்டுபிடித்தான்.

அனீஸ், ஷார்ஜாவில் ஹபீபுல்லாவின் அறையில் தங்கியிருக்கும் ஒருவரின் அண்ணன் மகன். ஸ்ரீரங்கத்தில் மொபைல் கவர் கடை வைத்திருக்கிறான். நான் வேலை பார்க்கும் அச்சகம் அதே தெருவில்தான். டியூஷன் விட்டால் பிள்ளைகள் கவர் கடையில் மொய்ப்பார்கள். ஒரு போனுக்கு எத்தனை கவர் மாட்டுவார்களோ என்று நினைத்துக்கொள்வேன். பக்கத்துச் சந்தில் எந்நேரமும் மாம்பழ வாசனை அடிக்கும், மாம்பழமே இல்லாத மாதத்திலும்.

அவனுக்குச் சித்தப்பாவிடமிருந்து அடிக்கடி பார்சல் வரும். கனமில்லாத சின்னப் பெட்டி. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் கொண்டுவருவார். தாங்கள் எதைச் சுமக்கிறோம் என்று அந்தப் பாவிகளுக்கும் தெரியாது. "சென்ட்டு மாமி, நம்ம கடைக்கு" என்று பல்லைக் காட்டிக்கொண்டு அனீஸ் வாங்கிப் போவான். வஹீதா இல்லாத நேரத்தில் சம்ரீன் எடுத்துக் கொடுப்பாள். அப்படி ஒருநாள் அவள் கையில் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பார்த்தால் கலர் பேனா மாதிரி இருக்கும். வாயில் வைத்து இழுத்தால் புகை. வெறும் தண்ணீர் ஆவிதான், சிகரெட் இல்லை, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லியிருக்கிறான். அடுத்த தடவை அவளே கேட்டிருக்கிறாள்.

பிறகு பெண்ணுக்கு இருமல் வந்தது. வஹீதா கஷாயம் வைத்துக் கொடுத்தாள், ஆவி பிடிக்கச் சொன்னாள். அறையில் மாம்பழ வாசனை அடித்தபோது ஏதோ ஸ்ப்ரே என்று நினைத்தாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தபோது பரீட்சை பயம் என்றாள். வேறு என்ன நினைப்பாள்? ஒருநாள் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் சம்ரீன் மூச்சுவிட முடியாமல் சரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் அக்னஸ் எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"ரெண்டு பக்க நுரையீரலும் புண்ணாகி வீங்கியிருக்கும்மா. உங்க பொண்ணு வேப் இழுக்குறா, அதான் எலக்ட்ரானிக் சிகரெட். நானே கேட்டேன், ஒத்துக்கிட்டா. வெறும் தண்ணி ஆவின்னு சொல்றா."

"தண்ணி ஆவிதானேங்க? அது என்ன செய்யும்?" என்றாள் வஹீதா.

"நிகோடின் இருக்கு. சிகரெட்ல இருக்குற அதே விஷம். இந்த வயசுல உள்ள போனா மூளை அதையே கேட்டுக்கிட்டு இருக்கும், விடுறது கஷ்டம். வாசனைக்குப் போடுற கெமிக்கல் வேற. ஆக்சிஜன் வச்சிருக்கோம். பொழைச்சுக்குவா. ஆனா நுரையீரல் பழையபடி ஆகுமான்னு இப்ப சொல்ல முடியாது."

யார் கொடுத்தது என்று வஹீதா மகளைக் கேட்டாள். முகமூடிக்குள்ளிருந்து சம்ரீன் சொன்னாள். "அனீஸ் அண்ணன். நம்ம பீரோலேர்ந்துதாம்மா."

துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் நேரே பீரோவைத் திறந்தாள். அனீஸ் பெயர் ஒட்டிய பெட்டி ஒன்று இருந்தது. இடியாப்ப மாவு கவர் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். பெட்டியின்மேல் வைத்தாள். கை நின்றது. ஆயுசில் செய்யாத காரியம். "அல்லா" என்று சொல்லிவிட்டு ஒரே இழுப்பில் கிழித்தாள்.

உள்ளே வரிசையாக அந்தப் பேனாக்கள். மாம்பழம், தர்பூசணி, பபிள்கம். மேலே பொம்மைப் படங்கள். பபிள்கம் வாசனையில் புகை வேண்டும் என்று எந்தக் கிழவன் கேட்டான்? இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்றே செய்தது. செய்தவன், அனுப்பியவன், விற்றவன் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் செய்கிறார்கள், படுபாவிகள்.

பார்சல் வாங்க வந்த அனீஸ் கிழிந்த பெட்டியைப் பார்த்தான். அவனுக்குத்தான் கோபம் வந்தது.

"அமானிதத்தைப் பிரிச்சிட்டீங்களே மாமி."

"அந்த வார்த்தைய நீ சொல்லாத. எம்புள்ள ஆக்சிஜன்ல கெடக்குறா."

"போலீசுக்குப் போலாம்னு நெனைக்காதீங்க. விக்கிறது மட்டும் குத்தமில்ல, வச்சிருக்கிறதும் குத்தம். சரக்கு இருந்தது உங்க பீரோல. முதல்ல உங்க பேருதான் வரும்."

அவன் சொன்னதில் ஒன்று உண்மை. 2019-இலேயே நாடு முழுக்கத் தடை செய்த சாமான் இது. கொண்டுவந்தாலும் விற்றாலும் விற்க வைத்திருந்தாலும் ஜெயிலும் அபராதமும் உண்டு. சட்டம் இத்தனை தெளிவாக இருக்கிறது. கடை ஸ்ரீரங்கத்தில் பட்டப்பகலில் திறந்திருக்கிறது. இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்து ஹபீபுல்லா போனில் வந்தார். மகளுக்காக அழுதார். அப்புறம், "கேஸெல்லாம் வேணாம் வஹீதா. அவன் சித்தப்பா என் ரூம்லதான் இருக்கான். தெனம் அவன் மூஞ்சில முழிக்கணும்" என்றார்.

"நீங்க அவன் மூஞ்சில முழிக்கணும். நான் யார் மூஞ்சில முழிக்கிறேன்னு வந்து பாருங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

ஸ்டேஷனில் பெட்டியை மேசைமேல் வைத்தாள். சப் இன்ஸ்பெக்டர் யமுனா உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது எங்கம்மா இருந்துச்சு?"

"என் வீட்டு பீரோல. என்ன இருக்குன்னு தெரியாது. ஆனா வச்சிருந்தது நான்தான். என் பேரை முதல்ல எழுதுங்க. அவன் பேரை விட்டுராதீங்க."

வழக்கு நடக்கிறது. வஹீதா சாட்சியா குற்றவாளியா என்று இன்னும் முடிவாகவில்லை. அனீஸ் ஜாமீனில் வந்துவிட்டான். கடையில் மறுபடி கவர் தொங்குகிறது. தெருவில் ஒருத்தராவது அவனை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வஹீதாவிடம் மட்டும் இடியாப்பம் வாங்குவதை நிறுத்தினார்கள். பீரோ காலியாகக் கிடந்தது. சம்ரீன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலிலிருந்து அடுக்களைக்கு நடந்தாலே இளைக்கிறாள். சில நாள் அந்தச் சனியனைக் கேட்டு அழுகிறாள்.

போன வாரம் ஷஹனாஸ் வந்தாள். வஹீதாவின் பழைய தோழி. அவள் தம்பி லீவில் வந்திருக்கிறான். அவன் கொண்டுவந்த, யாருக்கோ சேர வேண்டிய பார்சல் கையில் இருந்தது. ஊரெல்லாம் பேசினாலும் எனக்கு உன்னை விட்டால் யாரக்கா என்றபடி நீட்டினாள்.

வஹீதா வாங்கவில்லை. "வாங்குறவங்கள வரச் சொல்லு. என் முன்னால பிரிச்சுட்டு எடுத்துட்டுப் போகட்டும். இனிமே இப்படித்தான்."

"அமானிதம்க்கா. எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

உள்ளேயிருந்து மூச்சிழுப்புச் சத்தம் நெருங்கி வந்தது. சம்ரீன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மூச்சு அடங்கியதும் தன் கையிலிருந்த கத்தரிக்கோலை ஷஹனாஸிடம் நீட்டினாள்.