கோலியர்ஸ் வுட்டில் ஒரு ஹங்கேரியப் புரட்சிக் குழு

எண்பதுகளின் நடுவில் லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் இரண்டு ஹங்கேரியக் கிழவர்கள் இருந்தார்கள். ஒருவர் வீட்டுக்காரர். மற்றவர் கீழே பின்னறையில் இருந்தார். அவரிடம் வாடகை வாங்குவதில்லை. ஆனால் முன்னறைக்குள் கால் வைக்க விடுவதுமில்லை.

இருவரும் ஒரே கிராமம். வீட்டுக்காரர் அங்கே ஜெர்மன் பேசும் சிறுபான்மையினர். போர் முடிந்ததும் அரசாங்கம் அவர்களில் பலரை ரயிலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பியது. இவருடைய குடும்பத்தைச் சொந்த வீட்டின் பின்னறைக்குத் தள்ளிவிட்டு, முன்பகுதியில் எங்கிருந்தோ அகதிகளாக வந்த ஹங்கேரியர்களைக் குடியேற்றியது. அந்தக் குடும்பத்துப் பையன்தான் இந்தப் பின்னறைக்காரர்.

"பத்து வருஷம் நான் பின்னுக்கு இருந்தனான். இனி அவர் இருக்கட்டும்" என்பார் வீட்டுக்காரர். பின்னறைக்காரர் இந்த லண்டன் பின்னறையில் ஏற்கெனவே இருபத்தைந்து வருடத்தைத் தாண்டியிருந்தார்.

இந்த இருவரும்தான் ஐம்பத்தாறில், ஹங்கேரி கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது, ஓர் ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டு கிராமத்துப் புரட்சிக் குழுவாக இருந்தார்கள். முதல் கூட்டத்தில் கிராம அலுவலகக் கூரையிலிருந்த சிவப்பு நட்சத்திரத்தை இறக்கத் தீர்மானித்து இறக்கினார்கள். அடுத்த விடயம், இரண்டு குடும்பமும் இருந்த அந்த வீடு யாருக்குச் சொந்தம் என்பது. அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் சோவியத் டாங்கிகள் வந்துவிட்டன. மூவரும் எல்லை தாண்டி ஓடி, கடைசியில் லண்டன் வந்து சேர்ந்தார்கள்.

நான் வருவதற்கு முந்திய வருடம் ஆசிரியர் இறந்துபோனார். அவருடைய மேலறைதான் எனக்குக் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து அவருடைய பதவியும் கிடைத்தது. மூன்று பேர் இல்லாமல் குழு கூட முடியாதாம்.

பெட்ரோல் ஸ்டேஷனில் என்னோடு ஷிப்ட் செய்த அண்ணையிடம் இதைச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார். "அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. அதுக்குள்ள இன்னொரு நாட்டுப் புரட்சியோ? ஹோம் ஆபீசுக்குத் தெரிஞ்சால் எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பிறதெண்டு அவங்களே குழம்பிப்போவாங்கள்."

ஆனாலும் சேர்ந்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு, சமையலறை மேசையில் கூட்டம். மூவரின் ஆங்கிலமும் ஒரே தரம் என்பதால் யாருக்கும் வெட்கமில்லை. ஒரே விடயம்: ஊரிலிருக்கும் அந்த வீடு யாருக்கு? அவர்கள் இருவரும் வழக்காளிகள் என்பதால் வாக்கு எனக்கு மட்டும்தான். ஆசிரியர் சாகும்வரை எந்தப் பக்கமும் சாயவில்லையாம். சில மாதங்களில் அதன் காரணம் புரிந்தது. கூட்டத்துக்கு முந்திய கிழமை வீட்டுக்காரர் என் அறை ஹீட்டரைத் திருத்துவார். பின்னறைக்காரர் கசகசா அடைத்த ரொட்டி கொண்டுவருவார். நானும் "இன்னும் யோசிக்கவேணும்" என்றே நான்கு வருடம் ஓட்டினேன்.

ஹங்கேரியில் ஆட்சி மாறியபின் அவர்கள் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டுக்காரர் வாசிக்க வாசிக்கச் சிவந்தார். அந்த வீட்டில் இப்போது ருமேனியாவிலிருந்து ஓடிவந்த ஒரு குடும்பம் இருக்கிறதாம்.

"ஆரைக் கேட்டு எங்கட வீட்டுக்குள்ள வந்தவை?" என்று கத்தினார் பின்னறைக்காரர்.

'எங்கட' என்ற சொல்லை வீட்டுக்காரர் மறுக்கவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே பக்கம். அவர்களை வீட்டைவிட்டு எழுப்பச் சொல்லிக் கிராம அலுவலகத்துக்கு எழுதுவோம், மூன்று பேரும் கையெழுத்து வைப்போம் என்றார்கள்.

எனக்குப் பேனாவைத் தொட மனம் வரவில்லை. அந்த மாதம்தான் அம்மாவின் கடிதமும் வந்திருந்தது. அவர் கொழும்பில் அக்காவோடு இருந்தார். பூட்டிக்கிடந்த எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் வந்து இருந்துவிட்டது. இரண்டு நாள் நானும் கொதித்தேன். அம்மா எழுதியிருந்தார்: "அதுகள் எங்கை போகும்? வீட்டில ஒரு விளக்காவது எரியட்டும்."

"நான் இண்டைக்கு வாக்குப் போடுறன்" என்றேன். இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "வீடு இப்ப இருக்கிற ஆக்களுக்கு."

என்னைக் குழுவிலிருந்து நீக்க உடனே முடிவு செய்தார்கள். ஆனால் நீக்குவதற்கும் மூன்று பேர் வேண்டும். ஆகவே அடுத்த ஞாயிறு என்னை விலக்கும் கூட்டத்துக்கு நானே போய் உட்கார்ந்தேன். வழக்கம்போல எனக்கும் சூப் வைத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்காரர் தயங்கியபடி கேட்டார்:

"அந்தச் சனத்துக்கு முன்னறை அடுப்பு புகையிற விஷயம் தெரியுமோ?"

"தெரியாது. கீழ்க்காத்து அடிச்சால் கதவைத் திறக்கவேணும்" என்றார் பின்னறைக்காரர்.

"பிழை. புகைக்கூட்டுக் கதவைத்தான் திறக்கவேணும்."

அன்று மாலை அந்தக் குடும்பத்துக்கே கடிதம் போனது, இரண்டு கையெழுத்தில், இரண்டு விதமான அறிவுரையோடு. என்னை நீக்கும் விடயம் தள்ளிவைக்கப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்தக் குடும்பம் நன்றி சொல்லி எழுதியிருந்தது. அடுப்பை உடைத்துவிட்டுக் காஸ் போட்டுவிட்டார்களாம்.

கிழவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்ல அடுப்பு" என்றார் வீட்டுக்காரர்.

"அருமையான அடுப்பு" என்றார் பின்னறைக்காரர்.