கண்மாய்க்கரையில் நின்ற வேன்

எங்கள் பக்கம் பூமி தட்டையாகக் கிடக்கும். கரிசல் ரோட்டில் ஹேண்ட் பிரேக்குக்குச் சோலியே கிடையாது; என் வேனில் அது எப்போது செத்தது என்று எனக்கே தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில், புதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்கு இறக்கிவிடுவேன். வழியில் ஒரே ஒரு ஏற்றம், ஒரு கண்மாய்க்கரை. பாதிப் பேர் அங்கேதான் ஏறுவார்கள். சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். ஒரு காலையில் கல்லை மறந்துவிட்டார்கள். வண்டி பின்னால் நழுவியது.

அடி யாருக்கும் இல்லை. ஆனால் அவர்களில் மூத்த பெண், ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாகக் கொஞ்சதூரம் நொண்டியடித்தே வந்தவர், இறங்கி நின்று சொல்லிவிட்டார்.

“கல்லு வைக்காம வண்டி இங்கன நின்னு காட்டட்டும் தம்பி. பொறவு ஏறுதோம்.”

அவர்கள் ஏறாவிட்டால் வண்டிக்கு வேறு பிழைப்பு இல்லை. எனக்கும்தான்.

அன்று மத்தியானமே பட்டறைக்குப் போனேன். ஹேண்ட் பிரேக் கேபிளின் நட்டை, போகுமுன்பே நான் முடிந்தமட்டும் முறுக்கி வைத்திருந்தேன். லிவர் கை நோக இறுகியது. வண்டி மட்டும் நகர்ந்தது. மெக்கானிக் பாய் முதல் வேலையாக அந்தக் கேபிளைத் தளர்த்தினார். சக்கரத்து டிரம்முக்குள் உரசிப் பிடிக்க வேண்டிய பிரேக் ஷூ தேய்ந்து, டிரம்மைத் தொடாமல் தள்ளி நிற்கிறதாம். அதைக் கிட்டே கொண்டுவந்த பிறகுதான் கேபிளாம். இறுக்க வந்தவன் தளர்த்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, ஆளுக்கொன்றாகப் படுத்தோம். டிரம்மின் முதுகில் ஒரு ஓட்டை. அதில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, உள்ளேயிருக்கும் பல் சக்கரத்தைத் தள்ள வேண்டும். அவர் சக்கரம் இறுகியது. என்னுடையது ராட்டினமாகச் சுற்றியது.

“மேல தள்ளுங்க அண்ணாச்சி.”

“மேலதான் தள்ளுதேன்.”

“அப்பம் உங்க பக்கம் கீழ தள்ளணும்.”

“மேலன்னா ரெண்டு பக்கமும் மேலதான பாய்?”

பாய் தன் பக்கத்துப் பல்லை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தார்.

“அப்படித்தான் இருக்கணும்,” என்றார். “ஆனா இல்லையே.”

கீழே தள்ளினேன். பிடித்தது. பிடித்தது விடவே மாட்டேன் என்றது. கொஞ்சம் திருப்பிவிட்டோம், லேசாக உரசிக்கொண்டு சுற்றியது. கடைசியில் கேபிள்.

மறுநாள் கரையில் நிறுத்தி, லிவரை இழுத்து, வெறுங்கையோடு இறங்கினேன். வண்டி நின்றது. பெண்கள் தூக்குவாளிகளைத் தரையில் வைத்துவிட்டு, முன்பக்கம் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். அப்போதும் நின்றது. மூத்தவர் சிரித்தார். பிறகு போய், அந்தக் கல்லைக் காலால் உருட்டிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார்.

“அதான் நிக்குதே, இன்னும் எதுக்கு?” என்றேன்.

“யாரு நிக்கலைன்னு சொன்னா? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

முதல் ஆளாக ஏறிக்கொண்டார்.

வண்டியை விற்கும்வரை தினமும் அப்படித்தான். லிவரும் இழுப்பேன், கல்லும் கிடக்கும். விற்கும்போது வாங்கியவர், ஹேண்ட் பிரேக் பிடிக்குமா என்று கேட்டார். எத்தனையோ காலைகள் அந்த ஏற்றத்தில் வண்டி நின்றிருக்கிறது. எது நிறுத்தியது, லிவரா கல்லா என்று யோசித்துக்கொண்டே சாவியைக் கையில் வைத்திருந்தேன்.