இடாப்பில் இந்தியா போனவள்

கொப்பியும் பேனையுமாக ஒருத்தி லயத்து வீட்டு வாசலில் நிற்பதைக் கண்டதுமே ரெங்கம்மா கதவைப் பாதி சாத்தினாள். எழுபத்து மூன்றாம் வருஷம் அது; இலங்கைத் தோட்டத் தொழிலாளரை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். பசறை மலைத் தோட்டங்களில் கொப்பிக்காரர்கள் வந்தால் பெயர் எழுதுவார்கள்; பெயர் எழுதினால் இந்தியாவுக்குக் கப்பல். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அழகர் குடும்பம் அப்படித்தான் போனது.

வந்தவள் பெயர் ஹம்ஸியா. பள்ளிக்கூடம் வராத பிள்ளைகளை வீடு தேடிப் போய் விசாரிப்பதுதான் தன் வேலை என்றாள். இதற்காகவா ஒருத்தி பதுளையிலிருந்து பஸ் ஏறி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு மலையேறுவாள்? ரெங்கம்மா நம்பவில்லை.

“ஒங்கட மூத்த மகள் ஜெயலெட்சுமி ஏன் ஒரு மாசமா வாறல்ல?”

கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில், காய்ச்சல்காரக் குழந்தையை ஆயா ஏற்கமாட்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்ட ஜெயலெட்சுமி, அந்நேரம் பீலித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“அவ எங்க அண்ணன் குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டாங்க.”

“இந்தியாவுக்கா?”

“ஆமாங்க.”

பேனை ஓடியது. போய்விட்டவள் பெயரை இனி யாரும் கப்பலுக்கு எழுத மாட்டார்கள்; மகளைக் காப்பாற்றிவிட்டதாக ரெங்கம்மா மூச்சுவிட்டாள்.

தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. பள்ளிக்கூடம் போன ஜெயலெட்சுமி பத்து மணிக்கே அழுதுகொண்டு திரும்பினாள்.

“மாஸ்டர் வரவு இடாப்புல எம் பேர வெட்டிட்டாரும்மா. நான் இந்தியாவுல இருக்கேனாம்!”

“என்னக்கா, கப்பல்ல போனவ நடந்தே வந்துட்டாளா?” என்று அடுத்த வாசலிலிருந்து ராக்காயி சிரித்தாள்.

ஹம்ஸியா மறுபடி பள்ளிக்கூடம் வந்த செவ்வாய்க்கிழமை, ரெங்கம்மா வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் மகளை இழுத்துக்கொண்டு அங்கே போய் நின்றாள்.

சின்னராசா மாஸ்டர் கையை விரித்தார். “இவங்க எழுதிக் குடுத்தத வச்சுத்தான் வெட்டினேன். இனி எழுதிக் குடுத்தாத்தான் சேக்கலாம்.”

“ஏன் பொய் சொன்னீங்க?” என்றாள் ஹம்ஸியா.

“கொப்பியக் கண்டா வேறென்ன சொல்லச் சொல்றீங்க?”

ஹம்ஸியா ஒரு தாளில் எழுதி, மைப்பெட்டியை நகர்த்தினாள். ரெங்கம்மா பெருவிரலை முஷ்டிக்குள் ஒளித்தாள்.

“மொதல்ல எம் மக படிக்கட்டும்.”

ஜெயலெட்சுமி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பதுளை மாவட்டம்... இந்தத் தோட்டத்திலேயே வசிக்கிறாள்... ஐந்தாம் வகுப்பு.

“இந்தியான்னு எங்கயாச்சும் இருக்கா?”

“இல்லம்மா.”

“பின்பக்கம் பாரு.”

பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஹம்ஸியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெங்கம்மா சிரிக்கவில்லை. மகள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மட்டும், மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பெருவிரலை அழுத்தினாள்.