நாயைக் குளிப்பாட்டாத பூங்காவனம்

காஜா பேராங் பகுதியில் எங்கள் வீட்டு வரிசையில் குடியிருந்த பூங்காவனம் அக்கா, ஒரு ரப்பர் கம்பெனி ஆபீசைப் பதினோரு வருஷம் கூட்டித் துடைத்தவர். 1957இல், சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, வெள்ளைக்காரத் துரை அவரை வேலையை விட்டு நிறுத்தினான். தன் நாயைக் குளிப்பாட்டச் சொன்னானாம். ஆபீஸ் வேலைக்குத்தான் வந்தேன், நாய்க்கு இல்லை என்று அக்கா மலாயில் சொல்லிவிட்டார். அதற்காக இங்கிலீஷில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

குழாயடியில் அதை என்னிடம் நீட்டினார். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். இங்கிலீஷ் தெரியும் என்று காட்ட ஆசை. அதிலிருந்த 'இம்புடென்ட்' என்ற சொல்லைப் பிரித்துப் போட்டேன். "'இம்' என்றால் இல்லாத. 'புடென்ட்' லத்தீனில் வெட்கம். வெட்கமில்லாதவள் என்று எழுதியிருக்கிறான்."

குடத்தோடு நின்ற அஞ்சலை, மலாய் மட்டுமே பேசும் கம்போங் செட்டிப் பெண்களுக்கு அதை 'தக் மாலு' என்று மலாயில் சொன்னாள். மாலைக்குள் இரண்டு மொழியிலும் ஒரே பேச்சு: பூங்காவனத்துக்கும் துரைக்கும் ஏதோ நடந்திருக்கிறது. நாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அக்கா மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை.

பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். வேர் அதுதான்; ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு மரியாதையில்லாமல் எதிர்த்துப் பேசுகிற என்றுதான் பொருள். என்மேலேயே எனக்கு ஆத்திரம். அதைவிட ஆத்திரம், நாயைக் குளிப்பாட்டாததற்கு இவ்வளவு பெரிய சொல்லைத் தேடிப் போட்ட அந்தத் துரைமேல். அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "நான் செஞ்சத அப்படியே எழுதித் தரச் சொல்லி ஆபீசுல கேக்கறேன்" என்றார்.

மூன்று நாள் ஆபீஸ் வாசலில் நின்றார். ஆபீசின் பெரிய குமாஸ்தாவான தலைமைக் கிராணி சோமசுந்தரம் வெளியே வந்து, வேலையே போய்விட்டது, ஒரு வார்த்தையில் என்ன இருக்கிறது என்று விரட்டப் பார்த்தார்.

"உங்க மகளுக்கு அந்த வார்த்தைய எழுதுவீங்களா, ஐயா?"

அவர் உள்ளே போய் வேறு கடிதம் டைப் அடித்தார். துரை சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டானாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது. வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை, குழாயடியில் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்து, அக்கா புதுக் கடிதத்தை என்னிடம் கொடுத்தார்.

"சத்தமாப் படி, தம்பி. எதையும் பிரிக்காமப் படி."

படித்தேன், தமிழிலும் மலாயிலும்: 'பூங்காவனம் என் நாயைக் குளிப்பாட்ட மறுத்ததால் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள்.'

அஞ்சலை குடத்தை நகர்த்தி அக்காவுக்கு வழி விட்டாள்.