வலது பக்கத்து மாப்பிள்ளை

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் லேபிள் வடிவமைத்து வந்த பிரபாகரனுக்குப் பருக்களைக் கிள்ளிக் கிள்ளியே கன்னம் குழிகுழியாகியிருந்தது. 2006இல் முகப்பரு கிரீம் பெட்டிக்கு ஆர்டர் வந்தபோது முதலாளி அவனையே படமெடுத்தார். பெட்டியின் இடது பக்கம் ‘முன்பு’ என்று அந்த முகம் அப்படியே வந்தது. வலது பக்கம் ‘பின்பு’ என்று அதே முகத்தை அவனே கம்ப்யூட்டரில் வழவழப்பாக்கினான்.

ஒருநாள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அய்யம்மாள் அந்த கிரீம் பெட்டியோடு அச்சகத்துக்கு வந்தாள்.

“தம்பி, இடது பக்கம் நீங்கதான? வலது பக்கத்துக்காரரு எந்த ஊரு? எம் மக சினேகாவுக்குக் கேக்கணும்.”

“அதுவும் நான்தாங்க.”

“கேலி பண்ணாதீக.”

பிரபாகரன் வேதனையோடு மதுரைக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தான்.

“பள்ளத்தை கிரீம் நிரப்பாது. ஊசிச் சிகிச்சை செஞ்சா ஓரளவு குறையும். முதல்ல கிள்ளுறத நிறுத்துங்க,” என்றார் அவர்.

சில மாதங்களில் பள்ளங்கள் பாதி குறைந்தன. அவனே பெண் கேட்டுப் போனான். அய்யம்மாள் பெட்டியையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“நீங்க அவுக ரெண்டு பேருக்கும் தம்பியா?”

சினேகா சிரித்தாள். “எனக்கு இவுகளே போதும்மா. அவுக ரெண்டு பேரும் கேட்டு வந்தா இல்லைன்னு சொல்லிரு.”

கல்யாணத்தன்று, கூடப்பிறந்தவர்கள் இருவரையும் அழைக்காத மாப்பிள்ளையைப் பற்றி அய்யம்மாள் பந்தி முழுக்கக் குறைபட்டுக்கொண்டாள்.